வடக்கு மூலையின் வாக்குகள்

கான்கார்ட்
மார்ச் 20, 1966

அன்புள்ள அண்ணா,

உன் இருமல் குறைந்ததா? இந்தக் குளிருக்கு அண்ணியின் முழங்கால் என்ன சொல்கிறது? நான் சுகம். வயிற்றெரிச்சல் மட்டும் காபியோடு வந்து காபியோடு போகிறது. உன் வீட்டுத் தொலைபேசிக் கம்பியை இன்னும் மூன்று வீடுகள் பங்குபோட்டுக்கொள்கின்றன, அதில் ஒன்று உன் மேஸ்திரி வீடு. அதனால்தான் கடிதம்.

ஓவன் ஹாட்லியின் தேர்தல் பிரசாரத்தை நடத்த ஒப்புக்கொண்டுவிட்டேன். வெளியே என் பெயர் காரியதரிசி. பத்திரிகைக்காரர்கள் வந்தால் காபி கொடுப்பவள். உள்ளே எந்த ஊருக்குப் போவது, என்ன பேசுவது, எதை வாயில் எடுக்கக் கூடாது எல்லாம் நான் சொல்வதுதான். ஆண்கள் போட்ட அசட்டுத் திட்டங்களை இத்தனை வருஷம் தட்டச்சு செய்து கொடுத்தாயிற்று. அவர்கள் தோற்றதும் எனக்குத் திட்டு விழுந்ததையும் பார்த்தாயிற்று. இந்தத் தடவை திட்டம் என்னுடையது.

நம் கட்சியின் ஆளுநர் வேட்பாளர் யார் என்று செப்டம்பரில் கட்சிக்காரர்கள் வாக்களித்து முடிவு செய்வார்கள். மூன்று பேர் நிற்கிறார்கள். பிரெஸ்காட் லைல் முன்னால் இருக்கிறார், தெற்கே மான்செஸ்டர் நகரமே அவர் சட்டைப்பையில். இரண்டாவது டார்பெல், ஆலை முதலாளிகளோடு மீன் பிடிக்கப் போகிறவர். என் ஆள் மூன்றாவது, அதுவும் வெகு பின்னால். ஹாட்லி நல்ல மனிதர். ஆனால் அவர் பேச எழுந்தால் முன்வரிசையில் இருப்பவர்கள் ஜன்னலைப் பார்க்க ஆரம்பிக்கிறார்கள்.

கடைசியில் நிற்பவருக்கு எல்லா ஊரும் வேண்டாம். ஒரு மூலை போதும், ஆனால் முழு மூலையும் வேண்டும். தெற்கே போய் லைலோடு முட்டுவது வீண். அவர்கள் யாரும் எட்டிப் பார்க்காத இடம் வடக்குதான். பிரெஞ்சு பேசும் காகித ஆலைத் தொழிலாளிகள், நம் ஜனங்கள். போன இலையுதிர் காலத்தில் ஆர்மான் பெல்ஷா செத்துப்போன விதத்தை ஹாட்லியிடம் சொன்னேன். அரசாங்க ஆய்வாளர்கள் ஆலைக்குள் வருவார்கள், ஆபத்து என்று தெரிந்தால் அந்த இடத்திலேயே இயந்திரத்தை நிறுத்துவார்கள் என்று சட்டம் கொண்டுவரத் தயாராக இருக்கிறார். ஃபால்ஸ் ஊரில் உன் பேச்சுக்கு மதிப்பு உண்டு. எனக்காக நாலு பேரிடம் பேசு.

அண்ணிக்கு என் முத்தங்கள்.

உன் தங்கை
க்ளோடெட்

*

செயின்ட் கிளேர் ஃபால்ஸ்
ஏப்ரல் 2

தங்கை க்ளோடெட்டுக்கு,

இருமல் அப்படியே இருக்கிறது. ஆலையில் இருக்கும்வரை அது போகாது. நோயெல்லாவுக்கு முழங்கால் வலி. ஆனாலும் மாதா கோயில் சூப் விருந்துக்கு நாள் முழுக்க நின்றுகொண்டு பட்டாணி கிளறினாள். காபியை விடு, பால் குடி.

அரசியல்வாதிகளைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று உனக்குத் தெரியும். தேர்தலுக்குத் தேர்தல் வருகிறார்கள், நம் பாஷையில் 'போன்ஷூர்' என்று வணக்கம் சொல்கிறார்கள், நம் வீட்டு இறைச்சிப் பணியாரத்தைத் தின்கிறார்கள், போய்விடுகிறார்கள். ஆர்மான் செத்தபோது ஒருத்தன் வரவில்லை. காகிதக் கூழை வெளுக்கிற அறையில் குளோரின் கசிந்தது. முகமூடிகள் மேஸ்திரியின் அறையில் பூட்டியிருந்தன. 'அவன் முகமூடி போடவில்லை, அவன் தப்பு' என்று கம்பெனி எழுதிக் கையெழுத்துப் போட்டது. அவன் மனைவி சிமோனிடம் அந்தத் தாளை நீட்டிய ஆளை நான் அன்றைக்கு அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. அந்த ஆத்திரம் இன்னும் என் கையில் இருக்கிறது.

உன் ஹாட்லி நீ எழுதியதை இங்கே யூனியன் ஹாலில், எல்லார் முன்னாலும், அவர் வாயால் சொல்வாரா? சொல்வாரென்றால் ஹாலை நிரப்புவது என் பொறுப்பு.

ஒன்று மட்டும் கேட்கிறேன், நேராகப் பதில் எழுது. அவர் கடைசிவரை நிற்பாரா? நான் கூப்பிட்டு, ஜனங்கள் வெளியே வந்து, மேஸ்திரி கண்ணில் பட்ட பிறகு, அவர் பாதியில் போய்விட்டால் நாங்கள் இங்கேதான் இருக்க வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ரோசேர்

*

கான்கார்ட்
ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் கண்டு அவ்வளவு சந்தோஷம். பால் குடிக்கிறேன், சத்தியம். உனக்கு ஒரு இருமல் மருந்து அனுப்பியிருக்கிறேன், தேனில் கலந்து குடி.

ஹாட்லி மே மாதம் வருகிறார். ஹாலில் சொல்வார், உன் முன்னால் சொல்வார். இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், கவனமாகப் படி. சுவரொட்டி ஒட்டாதே. ஒட்டினால் மறுநாளே கம்பெனி ஆட்கள் கிழித்துவிட்டு யார் ஒட்டினது என்று தேடுவார்கள். சமையலறைக் கூட்டங்கள்தான் வேண்டும். ஒரு வீட்டில் எட்டுப் பேர், அந்த எட்டுப் பேரும் அடுத்த வாரம் தங்கள் வீட்டில் கூப்பிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பிரெஞ்சு வானொலியில் பூசைக்குப் பிறகு கால் மணி நேரம் நமக்குக் கிடைக்கிறது. லைலுக்கும் டார்பெலுக்கும் அப்படி ஒரு நிகழ்ச்சி இருப்பதே தெரியாது. ஹாட்லிக்குப் பேச வராது, அதனால் அவரைக் குறைவாகப் பேசவிடு. சிமோன் பேசட்டும். அழ வேண்டாம் என்று சொல். நடந்ததை நடந்தபடி சொல்லட்டும், அவளுடைய கோபம் போதும். ஹாலில் நாற்காலிகளைக் குறைவாகப் போடு. ஜனங்கள் நிற்க வேண்டியிருந்தால் கூட்டம் என்று பத்திரிகைக்காரன் எழுதுவான்.

அண்ணியின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் நல்லது என்கிறார்கள்.

க்ளோடெட்

*

செயின்ட் கிளேர் ஃபால்ஸ்
மே 23

தங்கைக்கு,

நாங்கள் நலம். உன் மருந்து கசக்கிறது, ஆனாலும் குடிக்கிறேன்.

வந்தார் உன் ஆள். நீ சொன்னபடி நாற்காலியைக் குறைத்துப் போட்டேன். குறைத்திருக்கவே வேண்டாம், ஜன்னல் விளிம்பிலெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். ஹாட்லி கால் மணி நேரம் பால் பண்ணைகளைப் பற்றிப் பேசினார். பின்னாலிருந்து கிழவன் ஒவில் கத்தினான்: "சார், இங்க யார்கிட்டயும் மாடு இல்ல! மில்லப் பத்திப் பேசுங்க!" ஹால் முழுக்கச் சிரிப்பு. அவரும் சிரித்துவிட்டார். எனக்கு அப்போதுதான் அவரைக் கொஞ்சம் பிடித்தது.

பிறகு சிமோன் எழுந்தாள். அவள் அழவில்லை.

"என் புருஷன் முகமூடி போடலைன்னு எழுதிக் குடுத்தாங்க. முகமூடி ரூமுக்குள்ள, சாவி மேஸ்திரி பாக்கெட்ல. மேஸ்திரி சாப்பிடப் போயிருந்தாரு. இவ்வளவுதான் நடந்தது. இதைக் கேக்க ஒரு அரசாங்கமாவது இந்த ஊருக்குள்ள வந்துச்சா? நீங்க வருவீங்களா?"

ஹாட்லி மேடையிலிருந்து இறங்கி அவள் எதிரில் வந்து நின்றார். "வருவேம்மா. மெஷினை நிறுத்தற அதிகாரத்தோட ஆளை அனுப்புவேன். இதுலேருந்து பின்வாங்க மாட்டேன்" என்றார். அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன்.

மறுவாரம் என்னை மரக்கட்டை முற்றத்துக்கு மாற்றிவிட்டார்கள். இருபது வருஷம் காகித இயந்திரத்தில் நின்றவன் இப்போது மழையில் கட்டை உருட்டுகிறேன். மேஸ்திரி, "காத்தாட இருக்கட்டும்னுதான் ரோசேர், உனக்கு இருமல் பாரு" என்றான். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். பரவாயில்லை. செப்டம்பரில் பார்த்துக்கொள்கிறேன்.

சமையலறைக் கூட்டம் இப்போது கீழ்த்தெரு முழுக்கப் பரவியிருக்கிறது. பக்கத்து ஆலை ஊர்களிலிருந்தும் கூப்பிடுகிறார்கள்.

நோயெல்லா உன்னைக் கேட்டாள். எப்போது வருகிறாய்?

ரோசேர்

*

கான்கார்ட்
ஜூன் 30

அன்புள்ள அண்ணா,

உன்னை மழையில் நிறுத்தியிருக்கிறார்கள் என்று படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கம்பளிச் சட்டை போட்டுக்கொள், கோடைதானே என்று விட்டுவிடாதே.

திட்டம் பலிக்கிறது! பத்திரிகைகள் 'வடக்கில் ஹாட்லி அலை' என்று எழுத ஆரம்பித்துவிட்டன. வடக்கு இப்படி ஒரே பக்கம் சாய்ந்தால் தெற்கில் லைலும் டார்பெலும் கிட்டத்தட்டச் சமமாகிறார்கள். லைலின் ஆட்களுக்குத் தூக்கம் போய்விட்டது. போன வாரம் அவர்களில் ஒருவர் எங்களை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார், மரியாதைக்காகத்தான்.

இப்போது தளரக் கூடாது. சிமோனை வானொலியில் பேச வை. அவள் குரல் மான்செஸ்டர்வரை கேட்க வேண்டும்.

இங்கே வேலை தலைக்கு மேல். அதனால்தான் வர முடியவில்லை. அண்ணிக்கு அன்பு.

க்ளோடெட்

*

செயின்ட் கிளேர் ஃபால்ஸ்
ஜூலை 19

தங்கைக்கு,

நாங்கள் இருக்கிறோம். நோயெல்லாவுக்கு வெந்நீர் ஒத்தடத்தில் கொஞ்சம் நடமாட்டம் வந்திருக்கிறது.

சிமோன் வானொலியில் பேசிவிட்டாள். முதலில் மாட்டேன் என்றாள். "ரோசேர், நான் இருக்கறது கம்பெனி வீடு. ஹால்ல பேசினதுக்கே முறைக்கிறானுங்க. ரேடியோவுல பேசினா விடுவானா?" என்று கேட்டாள். நான்தான், "ஹாட்லி உன் கையப் பிடிச்சுச் சொல்லியிருக்காரு, நான் இருக்கேன்" என்றேன். பேசினாள். ஆலையில் காலை ஷிஃப்ட்டில் மூன்று இடத்தில் வானொலி வைத்துக் கேட்டார்களாம். நாலாம் நாள் வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தது. இப்போது அவளும் இரண்டு பெண்களும் எங்கள் வீட்டு மாடியில் இருக்கிறார்கள். அவள் புலம்பவில்லை. ஆனால் நோயெல்லாவோடு பாத்திரம் கழுவும்போது ஒவ்வொரு தட்டையும் உடைத்துவிடுகிற மாதிரி வைக்கிறாள்.

சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள் என்று எழுதினாயே, என்ன பேசினார்கள்? லைல் ஆள் மரியாதைக்காக எவனுக்காவது சூப் ஊற்றி நான் பார்த்ததில்லை. எழுது.

ரோசேர்

*

செயின்ட் கிளேர் ஃபால்ஸ்
ஆகஸ்ட் 30

க்ளோடெட்,

உனக்கு உடம்பு எப்படி என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டுமென்று நோயெல்லா பக்கத்தில் நின்று சொல்கிறாள். கேட்டுவிட்டேன்.

ஆறு வாரமாக என் கடிதத்துக்குப் பதில் ஒரு வரி இல்லை. போன வெள்ளிக்கிழமை காலை வானொலியில் தெரிந்துகொண்டோம். ஹாட்லி விலகிவிட்டார். கட்சியின் ஒற்றுமைக்காகவாம். மான்செஸ்டர் நகரமன்றப் படியில் லைலோடு கைகோத்து நின்றாராம். லைல் ஜெயித்தால் இவர் தொழிலாளர் துறை ஆணையராம். 'இயந்திரத்தை நிறுத்தும் அதிகாரம்' என்று யாரோ கேட்டதற்கு, "எல்லாத் தரப்பையும் கலந்து முடிவு செய்யப்படும்" என்றாராம். சிமோன் அடுப்படியில் நின்று கேட்டாள். கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். மாலைவரை இறங்கி வரவில்லை.

நான் சனிக்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு கான்கார்டுக்கு வந்தேன். உன் வீட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளே வெளிச்சம் இருந்தது, நீ திறக்கவில்லை. சரி என்று ஹாட்லி வீட்டுக்குப் போனேன். தோட்டத்தில் தக்காளிக்குக் கொம்பு நட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க ரோசேர்! உங்களைத்தான் நினைச்சேன்."

"எதுக்கு?"

"நன்றி சொல்ல. நீங்க இல்லேன்னா லைல் என்னைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டாரு."

"அப்போ நாங்க ஓட்டுப் போடறதுக்கு இல்ல. உங்களுக்கு மவுசு ஏத்தறதுக்கு."

"கோபப்படாதீங்க. மார்ச் மாசமே இதைப் பேசி வெச்சுக்கிட்டுத்தானே ஆரம்பிச்சோம்? ஜெயிக்க முடியாது, வடக்கைப் பிடிச்சா நம்மளைத் தேடி வருவாங்கன்னு. உங்க தங்கச்சி உங்ககிட்ட சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சேனே..."

என் முகத்தைப் பார்த்து அப்படியே நிறுத்திவிட்டார். பாவம், என்னிடம் சொல்லவில்லை என்பது அந்த ஆளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. அவர் மேல் கை வைக்கத்தான் போனேன். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு, அடிக்க வேண்டிய ஆள் இவர் இல்லை என்று திரும்பிவிட்டேன்.

மார்ச் மாசம், க்ளோடெட். எனக்கு முதல் கடிதம் எழுதுவதற்கு முன்னால். ஏப்ரலில் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். நீ வானொலி, நாற்காலி, இருமல் மருந்து எல்லாவற்றைப் பற்றியும் எழுதினாய்.

சிமோனிடம் "நான் இருக்கேன்" என்று சொன்னவன் நான். இப்போது தினமும் அவள் முகத்தில் விழிப்பவனும் நான்.

ரோசேர்

*

கான்கார்ட்
செப்டம்பர் 2

அண்ணா,

கதவைத் திறக்காதது என் கோழைத்தனம். அதற்குமேல் அதைப் பற்றி எழுத முடியவில்லை. உன் உடம்பும் அண்ணியின் உடம்பும் நலமாக இருக்கட்டும்.

இப்போது நான் சொல்வதையும் கேள். எனக்கும் கோபம் வரும். ஹாட்லியால் ஜெயிக்கவே முடியாது. மார்ச்சிலும் முடியாது, ஆகஸ்டிலும் முடியாது. வடக்கில் ஒரு வாக்கு விடாமல் விழுந்தாலும் மூன்றாவதாகத்தான் வருவார். கடைசிவரை நின்று, கௌரவமாகத் தோற்று, உங்களுக்கு நன்றி சொல்லி ஒரு கார்டு போட்டிருப்பார். உனக்கு அது போதுமா? டார்பெல் ஆளுநராகியிருப்பான், கம்பெனி முதலாளி அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். இப்போது நம் ஆள் தொழிலாளர் துறையில் உட்காரப் போகிறார். முழு அதிகாரம் இல்லைதான். ஆனால் ஆய்வாளர் உள்ளே வருவார். பூட்டின முகமூடி அவர் கண்ணில் படும். ஒன்றுமில்லாததற்கு இது மேல் இல்லையா?

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். சொல்லியிருந்தால் நீ என்ன செய்திருப்பாய்? உனக்கு நடிக்க வராது. சின்ன வயசிலிருந்தே உன் முகம் கண்ணாடி. லைல் பயப்பட வேண்டுமானால் ஃபால்ஸ் நிஜமாகவே நம்ப வேண்டியிருந்தது. நீ நிஜமாகவே நம்ப வேண்டியிருந்தது.

வாக்குச்சீட்டு ஏற்கெனவே அச்சாகிவிட்டது, ஹாட்லியின் பெயர் அதில் இருக்கும். அதில் யாரும் போட வேண்டாம், லைலுக்குப் போடச் சொல். கெஞ்சிக் கேட்கிறேன். வடக்கு லைலுக்கு வராவிட்டால் டார்பெல் ஜெயித்துவிடுவான். உனக்கு என் மேல் உள்ள கோபத்தை என் மேல் காட்டு.

க்ளோடெட்

*

செயின்ட் கிளேர் ஃபால்ஸ்
செப்டம்பர் 6

க்ளோடெட்,

எல்லாரும் உயிரோடு இருக்கிறோம்.

நான் நம்ப வேண்டியிருந்தது என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் பலமுறை படித்தேன். நோயெல்லா கடிதத்தைப் பிடுங்கி வைத்துவிட்டாள்.

நீ என்னிடம் சொல்லியிருந்தால் நான் ஹாலில் போய்ச் சொல்லியிருப்பேன். 'இந்த ஆள் ஜெயிக்க மாட்டார், ஆனால் இவரை வைத்து ஒரு பேரம் பேசலாம், சம்மதமா' என்று கேட்டிருப்பேன். அவர்கள் சரி என்று சொல்லியிருக்கவும் கூடும். முட்டாள்கள் இல்லை அவர்கள். சிமோனும் கணக்குப் பார்த்துத்தான் வீட்டைப் பணயம் வைத்திருப்பாள், அல்லது வைக்காமல் இருந்திருப்பாள். எங்களுக்கு எது நல்லது என்று எங்களைக் கேட்காமல் முடிவு செய்ய ஆலையில் ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள். நீ எதற்கு?

நேற்று ஹாலில் கூட்டம். இந்த முறை நாற்காலியைக் குறைத்துப் போடவில்லை. உன் கடிதத்தில் இருந்ததை ஒன்று விடாமல் சொன்னேன், நீ என் தங்கை என்பதையும் சேர்த்து. டார்பெல் ஜெயித்துவிடலாம் என்பதையும் சொன்னேன். கிழவன் ஒவில் கேட்டான்: "அப்ப யாருக்குத்தான் போடறது? ஓடிப்போனவனுக்கா, ஓட வெச்சவனுக்கா?"

சிமோன் கடைசி வரிசையிலிருந்து எழுந்தாள். "சீட்டுல அடியில ஒரு கோடு காலியா விட்டிருக்கும். அதுல நாமளே ஒரு பேர எழுதலாம். சட்டப்படி எண்ணித்தான் ஆகணும். என் பேர எழுதுங்க. நான் எங்கயும் ஓடல. மாடியிலதான் இருக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து ஊர்களுக்கு இன்றைக்கே ஆள் போயிருக்கிறது. நீ சொல்லிக்கொடுத்த சமையலறைகள்தான். நன்றி.

ரோசேர்

*

கான்கார்ட்
செப்டம்பர் 16

அண்ணா,

நீங்கள் எல்லாரும் நலம் என்று நினைத்துக்கொள்கிறேன். நான் நலமாக இல்லை, ஆனால் அதைச் சொல்ல எழுதவில்லை.

எண்ணி முடித்துவிட்டார்கள். லைல் மயிரிழையில் ஜெயித்தார். வடக்கில் ஆலை ஊர் ஒன்றுகூட அவருக்கு விழவில்லை, எல்லா இடத்திலும் சிமோன் பெல்ஷா. எழுத்தர்கள் ஒவ்வொரு சீட்டாக விரித்துப் பெயரைப் படித்தார்களாம். சிலர் 'ஆர்மானின் மனைவி' என்று மட்டும் எழுதியிருந்தார்களாம், அதையும் எண்ணினார்கள். இன்னும் கொஞ்சம் பிசகியிருந்தால் டார்பெல் வந்திருப்பான். அந்த இரவு முழுக்க உன்னைச் சபித்துக்கொண்டு வானொலி முன்னால் உட்கார்ந்திருந்தேன். உன் கோபத்துக்காக இந்த மாநிலத்தையே கம்பெனிக்காரன் கையில் கொடுக்கத் துணிந்தாயே என்று. இப்போதும் அது எனக்கு ஆறவில்லை.

ஹாட்லிக்குப் பதவி இல்லை. 'வடக்கைக் கொண்டுவருகிறேன் என்றீர்கள், எங்கே வடக்கு?' என்று லைல் முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டாராம். எனக்கும் வேலை போய்விட்டது. நியாயம்தான் என்று நீ சொல்வாய்.

இன்னொன்று. நவம்பரில் எதிர்க்கட்சியோடு மோதும்போது வடக்கு இல்லாமல் லைல் ஜெயிக்க முடியாது. நேற்று அவர் ஆள் என்னைத் தேடி வந்தார். லைல் உன் வீட்டுக்கு வந்து சிமோனோடு தனியாகப் பேச வேண்டுமாம், நான் ஏற்பாடு செய்ய வேண்டுமாம். முடியாது என்றேன். இனி எதையும் உன்னிடம் கேட்காமல் செய்வதில்லை என்று சொன்னேன். இப்போது கேட்கிறேன். என்ன சொல்லட்டும்?

க்ளோடெட்

*

செயின்ட் கிளேர் ஃபால்ஸ்
செப்டம்பர் 21

க்ளோடெட்,

வேலை போனதற்கு நோயெல்லா வருத்தப்பட்டாள். சாப்பிடுகிறாயா என்று கேட்கிறாள்.

சிமோனிடமே கேட்டேன். அவள் சொன்னது: "தனியா எல்லாம் வேணாம். ஹாலுக்கு வரட்டும். மெஷின நிறுத்தற அதிகாரம்னு அந்த வார்த்தையை அவர் வாயால சொல்லட்டும். சுத்தி வளைச்சார்னா நவம்பர்லயும் அடியில கோடு இருக்கும்." அக்டோபர் முதல் சனிக்கிழமை.

அவர் வரட்டும். அவரோடு நீ வராதே. வருவதானால் தனியாக, பேருந்தில் வா. வந்து நீ செய்ததை அவள் முகத்தைப் பார்த்துச் சொல். அதை நான் உனக்காகச் செய்ய மாட்டேன்.

ரோசேர்

*

கான்கார்ட்
அக்டோபர் 4

அன்புள்ள அண்ணா,

இருமல் மோசமாகியிருக்கிறது. ஹாலில் கேட்டேன். மருத்துவரிடம் போ.

ஹாலில் பின்னால் கதவருகே நின்றிருந்தேன். லைல் இரண்டு தடவை வழவழவென்று பேசியதையும், சிமோன் "அது இல்ல சார், திருப்பிச் சொல்லுங்க" என்று பள்ளிக்கூடப் பையனிடம் சொல்வது போல அந்த வார்த்தையைச் சொல்ல வைத்ததையும் பார்த்தேன். அவர் சொல்லிவிட்டார். பத்திரிகைக்காரர்கள் எழுதிக்கொண்டார்கள். நிறைவேற்றுவாரா என்று எனக்குத் தெரியாது. சொல்லாமல் இருந்ததற்கு இது மேல்.

கூட்டம் கலையும்போது நீ என்னைப் பார்த்தாய். கோட்டை எடுத்துக்கொண்டு பக்கவாசல் வழியாகப் போய்விட்டாய். அதனால் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது.

சிமோன் நேரே என்னிடம் வந்தாள். பேருந்தில் வரும்போது மனப்பாடம் செய்த பேச்சு ஒன்று வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டேன். "உங்க வீடு போனதுக்குக் காரணம் நான்தான். தெரிஞ்சேதான் உங்களைப் பேச வெச்சேன்" என்று மட்டும் சொன்னேன்.

"தெரியும்" என்றாள். "உன்னை அறையணும்னு ஒரு மாசமா நினைச்சேன். இன்னிக்குக் காலையிலகூட நினைச்சேன்."

"அறைங்க."

"இப்ப வேணாம், நிறையப் பேரு பாக்கறாங்க. நாளைக்கு எனக்கு ஓட்டு வேணும்." பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ரெண்டு வருஷத்துல சட்டசபைக்கு நான் நிக்கப் போறேன். கம்பெனி எதிர்ல நிக்கும், பாதிரியார் எதிர்ல நிப்பாரு. கடைசியிலேருந்துதான் ஆரம்பிக்கணும். உனக்கு அந்த வேலை தெரியும். வரியா? ஆனா ஒண்ணு, நீ போடற கணக்கு எல்லாத்தையும் ஹால்ல நின்னு சத்தமா சொல்லணும். அவங்களுக்குப் பிடிக்கலைன்னா கிழிச்சுப் போட்டுரணும்."

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இந்த மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்கிறேன். ஃபால்ஸில் ஓர் அறை பார்த்துக்கொள்வேன். உன் வீட்டுக்கு வரலாமா என்று கேட்க எனக்கு வாயில்லை.

க்ளோடெட்

*

செயின்ட் கிளேர் ஃபால்ஸ்
அக்டோபர் 11

க்ளோடெட்டுக்கு,

மருத்துவரிடம் போனேன். நுரையீரலில் தூசு என்கிறார், அதைக் கண்டுபிடிக்க அவர் எதற்கு.

சிமோன் எல்லாவற்றையும் சொன்னாள். எனக்குப் பிடிக்கவில்லை. அவளிடமும் சொன்னேன். "நீ எதுக்கு ரோசேர் நடுவுல, நிக்கறது நானு" என்று வாயை அடைத்துவிட்டாள்.

அவளுக்கு நீ தேவைப்படுகிறாய். அதனால் கோபத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டாள். எனக்கு உன்னால் ஆக வேண்டியது ஒன்றுமில்லை. நீ என் தங்கை, அவ்வளவுதான். அதனால் என்னுடையது இருந்த இடத்திலேயே இருக்கிறது. அது எப்போது போகும் என்று என்னைக் கேட்காதே, எனக்கே தெரியாது. நீ வந்தாலும் சில நாள் நான் உன்னோடு பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவேன். அதைப் பொறுத்துக்கொள்ள முடியுமானால் வா.

அறை எதுவும் பார்க்காதே. ஊரில் என் தங்கை வாடகைக்கு இருக்கிறாள் என்று மேஸ்திரி சிரிப்பான். மாடியில் சிமோனும் பெண்களும் ஓர் அறையில் இருக்கிறார்கள், மற்றதை நோயெல்லா துடைத்து வைத்திருக்கிறாள். பேருந்து ஐந்து மணிக்கு வரும். என் ஷிஃப்ட் நாலு மணிக்கே முடிந்துவிடும்.

பெட்டி கனமாக இருந்தால் நிறுத்தத்திலேயே நில்.

ரோசேர்